பில்ட்-இன் ஓவனில் கடிகாரம் செய்யும் வேலை

மாடுலர் கிச்சனில் பதித்த ஓவன் ஒருநாள் சூடாகவில்லை. உள்விளக்கு எரிகிறது, குமிழைத் திருப்பினால் சில மாடல்களில் ஃபேன்கூடச் சுற்றுகிறது, ஆனால் அரை மணி கழித்தும் உள்ளே கையை வைக்கலாம் போல இருக்கிறது. சர்வீஸுக்குப் போன் போடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். கரண்ட் போய் வந்திருந்தால் 0:00 அல்லது 12:00 என்று மின்னிக்கொண்டிருக்கும். பழுது எதுவும் இல்லை, ஓவனுக்கு நேரம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிஜிட்டல் புரோகிராமர் உள்ள பெரும்பாலான ஓவன்களில் கடிகாரப் பலகைக்குள் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இருக்கிறது. எலிமென்ட்டுகளுக்கு, அதாவது சூடேற்றும் குழாய்களுக்கு, போகும் மின்சாரம் அந்த ரிலேயைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரம் வைக்காதவரை ரிலே மூடாது, அதாவது மின்சாரத்தை உள்ளே விடாது. மைக்ரோவேவில் கடிகாரம் தப்பாக ஓடினாலும் சமையல் நடக்கும். இங்கே அந்தக் கடிகாரமே ஒரு மெயின் ஸ்விட்ச். இது புரிந்துவிட்டால் புரோகிராம் செய்வதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மூன்று பட்டன் வகையில் (கழித்தல், நடுப் பட்டன், கூட்டல்) கழித்தலையும் கூட்டலையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்தினால் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் உள்ள புள்ளி மின்னும், அப்போது நேரத்தை வைக்கலாம். ஐந்தாறு பட்டன் உள்ள பழைய வகையில் சமையல் நேரம், முடியும் நேரம் ஆகிய இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கூட்டல் கழித்தலால் நேரத்தை மாற்ற வேண்டும். அதில் கை படம் போட்ட பட்டன் ஒன்று தனியாக இருக்கும், அது மேனுவல். அதை அழுத்தினால் ரிலே மூடிவிடும், அதன் பிறகு குமிழ் சொல்வதை ஓவன் கேட்கும். உங்கள் மாடலில் பட்டன்களின் சேர்க்கை மாறலாம், கையேட்டில் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான்.

நேரம் சரியாக இருந்தும் சூடு வரவில்லையா? ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்த பீஸைத் தள்ளுபடியில் வாங்கியவர்கள் டெமோ மோட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் திரை, பீப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், எலிமென்ட் மட்டும் வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருக்கும்.

இனி சுவருக்குள் இருக்க வேண்டியவை. 60 சென்டிமீட்டர் அகல ஓவன் ஒன்று 2.5 முதல் 3.6 கிலோவாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 3.6 என்றால் ஏறக்குறைய 15.7. ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பேச்சுக்கே இடமில்லை. போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), அதற்கு மேலே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்), உண்மையான எர்த். ஏற்கெனவே இருக்கும் பவர் பிளக் லைனில் இன்டக்‌ஷன் அடுப்போ கீசரோ இருந்தால் அதிலேயே ஓவனையும் சேர்க்கச் சொல்லாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் புழங்கும் சதுரக் கால் பிளக்கில் ஃபியூஸே 13 ஆம்பியர்தான். 3 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஓவனை அதில் மாட்டக் கூடாது, சுவரிலிருந்து நேராக இணைக்க வேண்டும்.

சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. பார்வைக்கு அழகு, அவசரத்துக்கு ஆபத்து. பிளக்கை எடுக்க 30 கிலோ ஓவனை வெளியே இழுக்க வேண்டியிருக்கும், பின்பக்கச் சூடும் பிளக்கில் நேராகப் படும். பக்கத்து அலமாரிக்குள் கை எட்டும் இடத்தில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்சோடு வைப்பதே சரி.

ஓவனைப் பதிக்கும் மாடத்தின் அளவு பொதுவாக 560 மில்லிமீட்டர் அகலம், 600 உயரம், குறைந்தது 550 ஆழம். ஆசாரி அளவைச் சரியாக எடுத்துவிடுவார். தவறு நடப்பது காற்றோட்டத்தில். பின்பலகையை வெட்டி எடுக்க வேண்டும், ஓவன் உட்காரும் பலகையின் பின்னோரத்தில் இடைவெளி விட வேண்டும், கீழே பிளிந்த்தில் (அலமாரியின் அடிப்பட்டையில்) காற்று நுழைய வழி வேண்டும். ஓவனுக்குள் சமையல் ஃபேன் தவிர, மேல்பகுதியில் குளிர்விக்கும் ஃபேன் ஒன்று தனியாக உண்டு. அது இழுக்கக் காற்றில்லை என்றால் கடிகாரப் பலகை வெந்துபோகும், அல்லது பாதுகாப்புக்கு வைத்திருக்கும் தெர்மல் கட்-அவுட் சமையலுக்கு நடுவில் ஓவனை அணைத்துவிடும். “நாற்பது நிமிஷம் ஓடுது, அப்புறம் தானா நின்னுடுது” என்ற புகாருக்குப் பின்னால் அநேகமாக இதுதான் இருக்கும். சமையல் முடிந்த பிறகும் அந்த ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், ஓடட்டும். சத்தம் வருகிறதே என்று மெயின் ஸ்விட்சை உடனே அணைப்பது நல்லதல்ல.

கதவைத் திறந்தால் முன்சட்டத்தின் பக்கவாட்டில் திருகு ஓட்டைகள் தெரியும். அந்தத் திருகுகளைப் போடாமல் விட்டால், கனமான டிரேயைப் பாதி வெளியே இழுத்து வைக்கும்போது ஓவன் முழுவதும் முன்னால் சாயலாம்.

புது ஓவனில் சமைப்பதற்கு முன் காலியாக ஒருமுறை சுட வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் அட்டை, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, சிம்னியைப் போட்டு, 250 டிகிரியில் ஒரு மணி நேரம். எலிமென்ட் மேல் பூசிய எண்ணெயும் சுற்றியுள்ள இன்சுலேஷனில் இருக்கும் பசையும் எரிந்து புகையும். கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள், பறவைகளின் நுரையீரல் இந்தப் புகையைத் தாங்காது.

குறிகள்

குமிழைச் சுற்றி இருக்கும் படங்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்றால் மேல், கீழ் எலிமென்ட்டுகள் இரண்டும், ஃபேன் இல்லாமல். ஒரே டிரேயில் வைக்கும் கேக், ரொட்டி, புட்டிங் எல்லாவற்றுக்கும் இது போதும். வட்டத்துக்குள் ஃபேன் என்றால் பின்சுவரில் ஃபேனைச் சுற்றியுள்ள வளைய எலிமென்ட். காற்று சுற்றுவதால் இரண்டு டிரே பிஸ்கட்டை ஒரே நேரத்தில் வைக்கலாம். குறிப்பில் சாதாரண ஓவனுக்கு 180 டிகிரி என்று போட்டிருந்தால் இதில் 160 வைக்க வேண்டும். அதைக் குறைக்காமல் கேக்கை வைத்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, உள்ளே இருக்கும் மாவு எழும்பும்போது நடுவில் எரிமலை மாதிரி பிளக்கும். உயரமான ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஃபேன் இல்லாத குறியே நல்லது.

கீழ்க்கோடு மட்டும் இருப்பதைப் பலர் தொடுவதே இல்லை. பீட்சாவின் அடி வெளுத்துப் போயிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் அதற்கு மாற்றுங்கள். கேரமல் புட்டிங்கைத் தண்ணீர் நிரப்பிய டிரேயில் வைத்து வேக வைக்கவும் உதவும்.

வளைந்து வளைந்து போகும் கோடு கிரில். பன்னீர் டிக்கா, சீஸ் டோஸ்ட், மீன் துண்டு என மேலிருந்து நேராகச் சூடு படவேண்டியவைக்கு. ஐந்து தட்டு நிலைகளைக் கீழிருந்து எண்ணினால் நான்காவதில் கம்பித் தட்டு, அதற்குக் கீழே சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஆழமான டிரே, அதில் ஒரு தம்ளர் தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டால் விழும் கொழுப்பு புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். இப்போது வரும் ஓவன்களில் பெரும்பாலும் கிரில்லுக்கும் கதவை மூடியே வைக்க வேண்டும். பழைய வழக்கப்படி கதவை அரைகுறையாகத் திறந்து வைத்தால் சூடு நேராக மேலே ஏறிக் குமிழ்களையும் கடிகாரத்தையும் பதம்பார்க்கும்.

முழுக்கோழிக்குக் கிரில்லும் ஃபேனும் சேர்ந்த குறி: 180 டிகிரி, 1.2 கிலோ கோழிக்கு 60 முதல் 70 நிமிடம். நேரத்தை நம்பாமல், தொடையின் சதைப்பற்றான இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரி வருகிறதா என்று பாருங்கள்.

வெறும் ஃபேன் மட்டும் வரைந்திருந்தால் சூடில்லாத காற்று, உறைந்ததை இளக்குவதற்காம். குளிர்நாட்டுச் சமையலறைக்கு அது சரி. சென்னை மே மாதத்தில் 35 டிகிரி காற்றை இறைச்சிமேல் வீசுவதற்குப் பெயர் இளக்குவதில்லை, கெடுப்பது. முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள்.

வோல்டேஜ் குறையும் ஊர்களுக்கு ஒரு விஷயம். எலிமென்ட்டின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 230க்குப் பதில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் 3,000 வாட் ஓவன் 2,270 வாட் அளவுக்கு இறங்கிவிடும். முன்சூடாக்கப் பத்து நிமிடம் ஆவது பதிமூன்று, பதினான்கு ஆகும். தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பாகம்) விளக்கு அணையும் வரை காத்திருந்து வைத்தால் கேக்குக்குப் பாதிப்பு இருக்காது, வைத்த வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் எப்படியும் பிடித்துக்கொள்ளும். கிரில்தான் ஏமாற்றும். அது நேரடி அனல், அனலே குறைந்தால் பன்னீர் சிவக்காமல் காய்ந்துபோகும்.

புரோகிராம்

மூன்று வேலைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மணிப் படம் வெறும் அலாரம். நேரம் வந்தால் கத்தும், ஓவனை அணைக்காது. நிறையப் பேர் இதை டைமர் என்று நினைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள், திரும்பி வரும்போது கரி. இரண்டாவது சமையல் நேரம், திரையில் பாத்திரப் படமோ சுருக்கெழுத்தோ வரும். இப்போதிலிருந்து இத்தனை நிமிடம் ஓடி அணைந்துவிடு என்று பொருள். மூன்றாவது முடியும் நேரம். சமையல் நேரத்தோடு சேர்த்து இதையும் வைத்தால் ஓவன் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தானாகத் தொடங்கும். சமையல் நேரம் 45 நிமிடம், முடிவு 18:30 என்றால் 17:45க்கு ரிலே மூடும். கடிகாரம் 24 மணிக் கணக்கு என்பதால் மாலை ஆறரைக்கு 6:30 என்று வைத்தால் விடியற்காலையில் ஓடும்.

மூன்று பட்டன் வகையில் நடுப் பட்டனை நீளமாக அழுத்த மணிப் படம் வரும், மறுபடி அழுத்தினால் சமையல் நேரம், மறுபடி அழுத்தினால் முடிவு நேரம். ஒவ்வொன்றிலும் கூட்டல் கழித்தலால் எண்ணை மாற்றிவிட்டு ஐந்தாறு விநாடி சும்மா இருந்தால் அது பதிவாகிவிடும். திரையில் ‘ஏ’ (A) எழுத்து மின்னாமல் நிலையாக எரிந்தால் தானியங்கி நிலையில் இருக்கிறது. இதோடு வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. சமையல் குறியின் குமிழும் வெப்பநிலைக் குமிழும் உரிய இடத்தில் இருக்க வேண்டும். கடிகாரம் ரிலேயை மட்டும்தான் மூடும், எந்த எலிமென்ட் எரிய வேண்டும் என்பதைக் குமிழ்தான் தீர்மானிக்கிறது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் கடிகாரம் கடமைக்கு எண்ணி முடித்துப் பீப் அடிக்கும், உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும்.

முடிந்த பிறகு செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. பீப் அடித்து ‘ஏ’ மின்னும்போது முதலில் இரண்டு குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம்தான் பட்டனை அழுத்தி மேனுவலுக்கு மாற்றுங்கள். மாற்றிச் செய்தால், அதாவது குமிழ் 180ல் நிற்கும்போதே ‘ஏ’யை நீக்கினால், ரிலே திரும்ப மூடி ஓவன் மறுபடி சூடாகத் தொடங்கும், இந்த முறை நிறுத்தக் கணக்கே இல்லாமல். மேனுவலுக்கு மாற்றவே மறந்தால் அடுத்த நாள் “சூடாகவில்லை” என்ற பழைய புகார்.

சமையல் நேரத்தில் முன்சூடாக்கும் நேரமும் அடங்கும். குளிர்ந்த ஓவனில் வைத்துத் தொடங்கினால் பத்து முதல் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படித் தொடங்கத் தோதானவை கிழங்கு, வேர்க்கடலை, மூடிய பாத்திரத்தில் மெதுவாக வேகும் கேசரோல் மாதிரியானவை. கேக்குக்கு முதலில் மேனுவலில் சூடாக்கி, டின்னை வைத்த பிறகு சமையல் நேரத்தை மட்டும் வைப்பது சரியான முறை. ஓவன் அணைந்தாலும் உள்ளே இருக்கும் சூடு சும்மா இராது, கேக் அங்கேயே இருந்தால் காய்ந்துபோகும். அணைந்த உடனே எடுக்க ஆள் வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தானாக அணைவதை எல்லோரும் பயன்படுத்துங்கள், தானாகத் தொடங்குவதை நம் ஊரில் கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்த வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைக்காத கோழி, மீன், முட்டை, பால் சேர்ந்தவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம்தான். காலையில் மசாலா தடவிய கோழியை ஓவனுக்குள் வைத்துவிட்டு மாலை ஆறுக்கு வெந்திருக்கட்டும் என்று அலுவலகம் போவது, குளிர்ந்த நாட்டில் எழுதிய கையேட்டின் விளம்பரப் படத்துக்குத்தான் பொருந்தும். பிறகு சூடாக்கினால் கிருமி சாகும் என்பது பாதி உண்மை. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டில் அழியாது. பேக்கிங் பவுடர் கலந்த மாவும் காத்திருந்தால் வாயு போய் எழும்பாது. அதைவிடப் பெரிய சங்கடம், நம் வீடுகளில் ஓவன் பாதி நாள் அலமாரியாக இருக்கிறது. தோசைக்கல்லும் டப்பர்வேரும் உள்ளே இருப்பதை ஒருவர் மறக்க, இன்னொருவர் வைத்த புரோகிராம் 17:45க்குத் தன் வேலையைத் தொடங்கிவிடும். எதை வைத்தாலும் சரி, குமிழைத் தொடும் முன் கதவைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

புரோகிராம் ஓடும்போது கரண்ட் போனால் பெரும்பாலான மாடல்களில் எல்லாம் அழிந்துவிடும், திரும்பி வந்தாலும் ஓவன் தானாகத் தொடராது. எரிச்சலாக இருந்தாலும் அது பாதுகாப்புக்காகச் செய்தது. கரண்ட் போனபோது கேக் பாதி வெந்திருந்தால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் மேனுவலில் தொடரலாம், முக்கால்வாசி காப்பாற்றிவிடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்ட முடியாது. அந்த லைன் இன்வெர்ட்டரில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

கடிகாரம் மெல்ல மெல்லப் பிந்துவதும் முந்துவதும் சில ஓவன்களில் இயல்பு. அவை நொடியை எண்ணுவது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை வைத்துத்தான். 2018 தொடக்கத்தில் கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான மின்சாரத் தகராறில் ஐரோப்பிய கிரிட்டின் அலைவெண் ஒரு இம்மி குறைந்தது. மார்ச் ஆரம்பத்துக்குள் கண்டம் முழுவதும் ஓவன் கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பிந்திப்போயின. அபார்ட்மென்ட் ஜெனரேட்டரில் ஓடும்போதும் இப்படி நடக்கலாம்.

சாவிப் படம் குழந்தைப் பூட்டு. உங்கள் ஓவனில் அது எதைப் பூட்டுகிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சிலவற்றில் ரிலேயையே பூட்டும், சிலவற்றில் பட்டன்களை மட்டும் பூட்டிவிட்டுக் குமிழை விட்டுவிடும். இரண்டாவது வகையாக இருந்தால் பக்கத்தில் உள்ள மெயின் ஸ்விட்ச்தான் உங்கள் பூட்டு.

உள்தரையில் அலுமினியம் ஃபாயில் விரிப்பது சுத்தத்துக்காகச் செய்யும் தவறு. கீழ் எலிமென்ட் அந்த எனாமல் தரைக்கு அடியில் இருக்கிறது. ஃபாயிலோ டிரேயோ நேராகத் தரையில் உட்கார்ந்தால் சூடு மேலேற வழியின்றி எனாமல் வெடித்து உரியும். ஃபாயில் தரையோடு ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. சூடான தரையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாலும் இதே கதி. பேக்கிங் பேப்பரை டிரேயின் அளவுக்கு வெட்டிப் போடுங்கள். ஃபேன் குறியில் தொங்கும் ஓரம் பறந்து எலிமென்ட்டில் பட்டால் பற்றிக்கொள்ளும். பேப்பர் பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச வெப்பநிலை பெரும்பாலும் 220, 230தான், கிரில்லுக்கு அது ஆகாது.

கதவைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, இரண்டு விரல் அளவு திறந்து நீராவியை விட்டபின் முழுதும் திறக்க வேண்டும். ரம்மோ பிராந்தியோ தாராளமாக ஊற்றிய கிறிஸ்துமஸ் கேக் என்றால் கூடுதல் கவனம், ஆல்கஹால் ஆவி எலிமென்ட்டில் பட்டால் பற்றும். உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கவே கூடாது. குமிழை அணை, எம்சிபியை இறக்கு, காற்றில்லாமல் தானாக அடங்கும் வரை விடு.

கதவுக் கண்ணாடியைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி அன்றைக்கு ஒன்றும் ஆகாமல், என்றாவது சூடேறும்போது தூள்தூளாகும். வாராந்திரச் சுத்தத்துக்கு டிரேயில் அரை லிட்டர் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் லிக்விட், 90 டிகிரியில் அரை மணி. அணைத்து ஆறவிட்டுத் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடும். பைரோலிடிக் வகை 500 டிகிரி வரை போய் அழுக்கைச் சாம்பலாக்கும், அப்போது கதவு தானே பூட்டிக்கொள்ளும். அதற்கு முன் கம்பித் தட்டு, டிரே, பக்கச் சட்டங்களை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவை நிறம் மாறிவிடும்.

கடலோர ஊர்களில் வருடத்தில் இரண்டு முறை மட்டும் ஓவனைப் போடுபவர்களுக்கு வரும் தொல்லை ஒன்று: போட்டவுடன் ஆர்சிசிபி விழும். எலிமென்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்தால் முனை வழியாக ஈரம் இழுத்து, கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டிவிடும். ஆர்சிசிபியைத் தாண்டி நேராகக் கொடுத்து ஓட்டிப்பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த எலிமென்ட் என்பதைக் குறியை மாற்றிப் பார்த்தே ஊகிக்கலாம். வளைய எலிமென்ட் குறியில் விழாமல், கீழ்க்கோட்டில் மட்டும் விழுந்தால் கோளாறு கீழ் எலிமென்ட்டில். அதைச் சொல்லி, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஆளாகக் கூப்பிடுங்கள். ஈரம்தான் என்றால் கழற்றி உலர்த்தியே சரிசெய்துவிடுவார், குழாய் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை 150 டிகிரியில் அரை மணி ஓவனைக் காலியாக ஓட்டினால் அந்தச் செலவு அநேகமாக வராது.